தலைமாட்டில் நின்ற ஈட்டி: தாவீதும் நம் திரைநாயகர்களும்

(பொதுக்காலம் 7ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு, பிப்ரவரி 23, 2025 – வானொலி மறையுரை. வாசகங்கள்: 1 சாமுவேல் 26, 1 கொரிந்தியர் 15, லூக்கா 6:27-38)



இன்றைய முதல் வாசகத்தை ஒரு திரைப்பட இயக்குநரிடம் கொடுத்தால், மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார். நள்ளிரவு. பாலைநிலத்தில் ஒரு பாசறை. மூவாயிரம் வீரர்கள் அயர்ந்து தூங்குகிறார்கள். நடுவே அரசர் சவுல். அவருடைய ஈட்டி தலைமாட்டில் தரையில் குத்தி நிற்கிறது. இதே சவுல்தான் முன்பு யாழ் வாசித்துக்கொண்டிருந்த தாவீதைச் சுவரோடு சேர்த்துக் குத்தப் பார்த்தவர். இப்போது தாவீதும் அவருடைய ஆள் அபிசாயும் அந்தத் தலைமாட்டில் வந்து நிற்கிறார்கள். அபிசாய் பேசுவது நம் திரையரங்குகளில் விசில் வாங்கக்கூடிய வசனம். கடவுளே எதிரியை உம் கையில் கொடுத்துவிட்டார். என்னை விடும், ஒரே குத்து, இரண்டாவது தேவைப்படாது என்கிறார்.

தாவீது ஈட்டியை எடுக்கச் சொல்கிறார். தண்ணீர்க் குவளையையும் எடுத்துக்கொள்கிறார்கள். வெளியே நடந்துவிடுகிறார்கள்.

இதைப் படமாக எடுத்தால் நாம் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டிருப்போம். ஏனென்றால் நமக்குப் பழகிய கதை வேறு. 1981இல் 'சட்டம் ஒரு இருட்டறை', 1985இல் 'நான் சிகப்பு மனிதன்', 1996இல் 'இந்தியன்', 2002இல் 'ரமணா', 2005இல் 'அந்நியன்' என்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்த் திரையுலகம் ஒரே மனிதரை வெவ்வேறு சட்டையில் நம் முன் நிறுத்திவருகிறது. சட்டம் கைவிட்ட இடத்தில் சட்டத்தைத் தன் கையில் எடுப்பவர் அவர். காவல்நிலையம் விலைபோய்விட்டது, நீதிமன்றம் தூங்குகிறது, ஆகவே அவரே விசாரித்து, தீர்ப்பெழுதி, தண்டனையையும் நிறைவேற்றுகிறார். காஞ்சிபுரத்தில் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவர்கூட பக்கத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து இந்தக் கதையைப் பார்த்துக்கொண்டே நாடா எறிகிறார். அதில் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. பொழுது போக வேண்டும்தானே.

ஆனால் அந்தக் கதை நமக்குள் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பழிவாங்கும் படங்களில் முதல் அரைமணி நேரத்தில் ஒரு குற்றம் நடக்கும். அதை நாம் கண்ணால் பார்க்கிறோம். யார் செய்தான், ஏன் செய்தான், செய்துவிட்டு எப்படிச் சிரித்தான் என்பதெல்லாம் கேமரா காட்டிவிடுகிறது. மீதி ஏதாவது சந்தேகம் இருந்தால் பின்னணி இசை தீர்த்துவைக்கும். அதனால் நாயகன் அரிவாளை ஓங்கும்போது, தவறான ஆளை வெட்டுகிறாரோ என்ற கேள்வியே நமக்கு வருவதில்லை. எல்லாம் தெரிந்த ஓர் இருக்கையில் நம்மை உட்கார வைத்துவிடுகிறார்கள். நூறு ரூபாய்க்கோ இருநூறு ரூபாய்க்கோ அந்த இருக்கை கிடைத்துவிடுகிறது. திரையரங்கை விட்டு வெளியே வந்தால், அந்த இருக்கை கடவுள் ஒருவருக்கே உரியது. பழிவாங்குவது ஆண்டவருக்கு உரியது, நீங்களே பழிவாங்க வேண்டாம் என்று திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதும்போது, இதையும் சேர்த்தே சொல்கிறார் என்று நாம் புரிந்துகொள்கிறோம். ஒரு மனிதர் செய்ததை, செய்யாததை, செய்யத் தூண்டியதை முழுவதும் பார்த்திருப்பவர் அவர் ஒருவரே.

இந்த உண்மையைத் திரைப்படமே அறிந்து சொன்னதும் உண்டு. சென்ற ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த 'மகாராஜா' படம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும், முடிவைச் சொல்லாமல் அதைப் பற்றிப் பேச முடியாது. (சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய படமும் அல்ல.) அதில் ஒரு முடிதிருத்தும் தொழிலாளி, தன் மகளைச் சீரழித்தவர்களைத் தேடிப் பழிவாங்குகிறார். நாம் அவர் பக்கம் நிற்கிறோம். ஆனால் அந்தப் படத்தில் இரண்டு பழிவாங்கல்கள் இருக்கின்றன. மகளைச் சீரழித்த கொடுமையே இன்னொருவரின் பழிவாங்கல்தான். தன்னைப் போலீசில் காட்டிக்கொடுத்தவர் இந்தத் தொழிலாளிதான் என்று ஒருவன் பல ஆண்டுகள் சிறையில் கறுவிக்கொண்டிருக்கிறான். உண்மையில் அவர் காட்டிக்கொடுக்கவே இல்லை. அவன் மறந்துவிட்டுப்போன தங்கச் சங்கிலியைத் திருப்பிக் கொடுக்க வீடு தேடி வந்தவர், அவ்வளவே. வெளியே வந்தவன் அவருடைய மகள் என்று நினைத்து ஒரு பெண்ணின் வாழ்வை அழிக்கிறான். அவள் அவன் சிறைக்குப் போன பிறகு அந்தத் தொழிலாளி எடுத்து வளர்த்த அவனுடைய சொந்த மகள்.

கறுவிக்கொண்டிருந்த அத்தனை ஆண்டுகளும் அவன் தன்னை அநீதி இழைக்கப்பட்டவனாகவே எண்ணிக்கொண்டிருந்தான். அவனுடைய மனத்திரையில் ஓடிய படத்தில் அவனே நாயகன். எந்தப் பழிவாங்குபவரும் தன்னை வில்லன் என்று நினைத்துக்கொண்டு புறப்படுவதில்லை.

தாவீதும் அப்படிப் புறப்பட்டவர்தான். இன்றைய வாசகத்துக்கு முந்தைய அதிகாரத்தை வீட்டுக்குப் போய் வாசித்துப் பாருங்கள், 1 சாமுவேல் 25. நாபால் என்ற பணக்காரர், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் விழா நாளில், உணவு கேட்டு வந்த தாவீதின் ஆட்களை அவமானப்படுத்தி அனுப்பிவிடுகிறார். தாவீது வாளைக் கட்டிக்கொண்டு நானூறு பேரோடு கிளம்புகிறார். விடிவதற்குள் அந்த வீட்டு ஆண் ஒருவரையும் உயிரோடு விடுவதில்லை என்று சபதம் வேறு. அந்த வீட்டில் இருந்த ஆண்கள் யார்? கூலிக்கு ஆடு மேய்த்தவர்கள். அவர்களில் ஒருவர் அந்த நேரத்தில் வீட்டுத் தலைவி அபிகாயிலிடம் ஓடி, தாவீதின் ஆட்கள் இரவும் பகலும் நமக்கு மதில் போலக் காவலாக இருந்தார்களே, அவர்களை இவர் திட்டி அனுப்பிவிட்டாரே என்று தாவீதுக்காகவே பரிந்து பேசிக்கொண்டிருக்கிறார். தாவீதுக்கு அது தெரியாது. அபிகாயில் மட்டும் அப்பமும் திராட்சை மதுவும் ஏற்றிய கழுதைகளோடு வழியில் வந்து மறிக்காமல் இருந்திருந்தால், தனக்காகப் பேசிய வாயையே தாவீது வெட்டியிருப்பார். இன்றைய வாசகத்தில் சவுலின் தலைமாட்டில் நிதானமாக நிற்கும் தாவீது, அந்த வழியில் தடுத்து நிறுத்தப்பட்ட தாவீது.

நம்மைச் சுற்றி அபிகாயில் வராமல் போன இடங்கள் உண்டு. 2018 மே 9ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர். நம் ஊரிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரப் பயணம்தான். சென்னையிலிருந்து குலதெய்வக் கோவிலுக்குக் காரில் வந்த குடும்பம் வழி கேட்க நிறுத்தியது. அதில் இருந்த அறுபத்தைந்து வயது அம்மா, தெருவில் விளையாடிய பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அப்போது வாட்ஸ்அப்பில் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். ஊர் கூடியது. அந்த அம்மா அடித்தே கொல்லப்பட்டார், உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தனர். அடித்தவர்கள் ரௌடிகள் அல்ல. பிள்ளைகளைப் பெற்றவர்கள், பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நம்பியவர்கள். எல்லாம் தெரிந்த இருக்கையில் தாங்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்தவர்கள்.

அடுத்த ஆண்டு ஐதராபாத். 2019 நவம்பர் இறுதியில் ஓர் இளம் கால்நடை மருத்துவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது; நாமும் கொதித்தோம். டிசம்பர் 6 அதிகாலையில், பிடிபட்டிருந்த நால்வரையும் குற்றம் நடந்த இடத்துக்கு அருகே அழைத்துச் சென்ற போலீசார் சுட்டுக் கொன்றனர். மக்கள் போலீசார்மேல் பூத்தூவினார்கள், இனிப்பு வழங்கினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையம் 2022இல் அறிக்கை தந்தது. கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுடப்பட்டது என்றும், இறந்த நால்வரில் மூவர் சம்பவம் நடந்தபோது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் அதில் சொல்லப்பட்டது. பூத்தூவிய அன்று இதில் எதுவும் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் நீதிமன்றம் என்ற ஒன்றை வைத்திருக்கிறோம். சென்ற அக்டோபரில் வந்த 'வேட்டையன்' படம் இதைத்தான் எடுத்துப் பேசியது. ஊரின் கோபத்துக்குப் பதில் சொல்ல அவசரப்பட்டு, நாயகனான போலீஸ் அதிகாரியே ஒரு நிரபராதியைச் சுட்டுவிடுகிறார். அப்படியொரு கதையில் நடிக்க உச்ச நட்சத்திரம் ஒருவர் சம்மதித்ததையே பெரிதாக எண்ண வேண்டும்.

இனி நம் ஊர். பட்டும் கோவிலும் என்று வெளியூரார் அறிந்த காஞ்சிபுரத்துக்கு இன்னொரு முகமும் இருப்பது நமக்குத் தெரியும். ஒரு காலத்தில் இந்த ஊரையே நடுங்க வைத்த ஒருவர் 2017 அக்டோபரில் கம்போடியாவில் இறந்துபோனார். அவர் இடம் யாருக்கு என்று கோஷ்டிகள் மோதிக்கொண்டன. இவன் அவனை வெட்ட, அவன் ஆட்கள் இவனை வெட்ட, பழிக்குப் பழி என்ற தலைப்பு நாளிதழ்களின் காஞ்சிபுரம் பக்கத்தில் வாடிக்கையாகிவிட்டது. 2023இல் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், தம்மைக் கல்லால் எறிந்தவர்களுக்காக மன்றாடிய புனித ஸ்தேவானின் திருநாளில், இங்கே ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்கடுத்த நாள், அந்தக் கொலையில் தேடப்பட்ட இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். பிடிக்கப்போன போலீசாரை அவர்கள் வெட்டியதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை தெரிவித்தது. அது அப்படித்தானா என்று சொல்ல வேண்டியது நாம் அல்ல. 2014இல் உச்ச நீதிமன்றம் வகுத்த பதினாறு நெறிமுறைகளின்படி, ஒவ்வொரு என்கவுன்டர் சாவுக்கும் முதல் தகவல் அறிக்கையும், தனி விசாரணையும், நடுவர் விசாரணையும் நடந்தாக வேண்டும். ஆனால் டீக்கடையில் நாம் என்ன பேசிக்கொண்டோம்? இரண்டு நாளில் மூன்று பேர் செத்திருக்கிறார்கள். ஊர் சுத்தமானது என்று சொல்லிக்கொண்டே கிளாஸைக் கீழே வைத்தோம்.

அந்த மூவரும் பிறக்கும்போதே கத்தியோடு பிறந்தவர்கள் அல்ல. நெசவு வருமானம் சுருங்கிய வீடுகளிலிருந்து பிள்ளைகள் தறியை விட்டு வெளியேறுகிறார்கள். பலர் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். சிலரை நில பேரமும், பழைய இரும்புக் காண்டிராக்டும், அதற்குப் பின்னால் நிற்கும் கும்பல்களும் இழுத்துக்கொள்கின்றன. பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டி, நாயகனின் பின்னணி இசையை ஒட்டி ஸ்டேட்டஸ் வைக்கும் பையன், தான் பார்த்த படத்தின் தொடர்ச்சியில் நடிப்பதாகவே நினைக்கிறான். தன் அண்ணனை வெட்டியவனை வெட்டப் போகும்போது அவனுக்குள் அதே இசைதான் ஓடுகிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அப்படியானால் அடிபட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? திரையரங்கில் விசிலடிப்பவரைக் கேலி செய்ய நமக்கு மனம் வருவதில்லை. அவர் கொடுத்த புகாருக்கு ரசீதுகூடக் கிடைத்திருக்காது. பத்திரத் தகராறு அப்பா காலத்திலிருந்து நடந்துகொண்டிருக்கும். நாட்டில் நிலுவையில் இருக்கும் வழக்குகள் ஐந்து கோடியைத் தாண்டிவிட்டன. கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தும், விசைத்தறிச் சேலையைக் கைத்தறிப் பட்டு என்று விற்பதை நம் நெசவாளர் இன்றும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோபம் வராமல் எப்படி இருக்கும்? திருப்பாடல்களை எழுதியவர்களுக்கும் வந்திருக்கிறது. எதிரியின் பல்லை உடைத்துவிடும் என்று கடவுளிடமே கேட்டிருக்கிறார்கள். 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களும் கடுமையான சாபங்களைக் கொண்டவை என்பதால், வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு சீரமைக்கப்பட்ட திருப்புகழ்மாலையில் அவை சேர்க்கப்படவில்லை. ஆனால் திருவிவிலியத்திலிருந்து திருச்சபை அவற்றை நீக்கவில்லை, நீக்கவும் முடியாது. அந்தக் கோபம் சொல்லப்பட வேண்டிய இடத்தில் சொல்லப்பட்டிருக்கிறது.

இன்றைய நற்செய்தியில் வரும் மறு கன்னத்தையும் வாய்மூடி இருப்பது என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. அதைச் சொன்னவர் கன்னத்தில் அறை வாங்கிய இரவை யோவான் 18ஆம் அதிகாரத்தில் பார்க்கிறோம். அன்னாவின் முன் காவலர் ஒருவர் இயேசுவை அறைகிறார். இயேசு திருப்பி அடிக்கவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. நான் பேசியது தவறென்றால் எதுவென்று காட்டு, சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார். அதாவது, சான்று கேட்கிறார். அதே இரவில், அதே அதிகாரத்தில், சற்று முன்பு பேதுரு வாளை உருவி ஒருவரின் காதை வெட்டுகிறார். யாருடைய காது? திட்டம் போட்ட தலைமைக் குருவுடையதல்ல, காட்டிக்கொடுத்த யூதாசுடையதும் அல்ல. மல்கு என்ற பணியாளருடையது. பேதுருவின் வாள் எட்டிய தூரத்தில் நின்றவர் அவர்தான்.

தாவீதும் சவுலை விட்டுவிட்டு ஒளிந்துகொள்ளவில்லை. எதிர் மலையுச்சிக்குப் போய், எடுத்து வந்த ஈட்டியைக் காட்டி, எல்லாரும் கேட்கும்படி, நான் செய்த குற்றம் என்ன என்று உரக்கக் கேட்கிறார். ஈட்டி அவர் கையில் ஆயுதமாக இல்லாமல் சான்றாக மாறிவிட்டது.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரக் கைம்பெண்ணும் அப்படித்தான், நீதியற்ற நடுவரின் வாசலில் ஓயாமல் போய் நின்றவர். 1993இல் கடலூர்ப் பக்கம் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு காவல்நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டபோது, அவருடைய மனைவி பார்வதி, வழக்கறிஞர் சந்துருவின் துணையோடு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். குற்றவாளிகளான காவலர்களின் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தபோது 2006 ஆகியிருந்தது. பதின்மூன்று ஆண்டுகள். 'ஜெய் பீம்' படம் அதைத்தான் காட்டியது. அதில் யாரும் யாரையும் வெட்டவில்லை. ஆனாலும் நாம் இருக்கை நுனியில் உட்கார்ந்தே பார்த்தோம்.

பதின்மூன்று ஆண்டுகள் என்பது கொடுமைதான். அதைச் சுருக்கச் சொல்லிக் கேட்கவும் போராடவும் நமக்குக் கடமை இருக்கிறது. நம் பங்கு மக்களுக்கு ஒரு தகவலையும் சொல்லிவிடுகிறோம். வழக்கு நடத்த வசதியில்லாதவர்களுக்கும், வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கும் சிறுவர்க்கும், பட்டியலினத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098, பெண்களுக்கு 181. காவல்நிலையத்துக்குத் தனியாகப் போகத் தயங்குபவருடன் அன்பியத்திலிருந்து இருவர் கூடப் போனால், அது பெரிய துணை.

நாளை மறுநாள், பிப்ரவரி 25, அருளாளர் ராணி மரியாவின் நினைவு நாள். அவர் இறந்து இந்த ஆண்டோடு முப்பது ஆண்டுகள் ஆகின்றன. கேரளத்தில் பிறந்த பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபை அருள்சகோதரி. மத்தியப் பிரதேசத்தில், வட்டிக்காரர்களிடம் சிக்கியிருந்த பழங்குடி மக்களைச் சொந்தக் காலில் நிற்கப் பழக்கினார். கடன் என்றால் என்னவென்று தெரிந்த நம் ஊருக்கு, அது எவ்வளவு பெரிய வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. 1995இல் ஒரு பேருந்துப் பயணத்தில், ஏவிவிடப்பட்ட ஓர் இளைஞர் பயணிகளின் கண்ணெதிரே அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். சட்டம் தன் வேலையைச் செய்தது; ஆயுள் தண்டனை கிடைத்தது. சிறைக்குள் அந்த இளைஞரும் பழி வாங்கவே துடித்துக்கொண்டிருந்தார், தம்மை ஏவிவிட்டுக் கைவிட்டவரை வெளியே வந்ததும் கொல்ல வேண்டும் என்று. 2002இல் ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கை, அவரும் அருள்சகோதரிதான், செல்மி பால், சிறைக்குப் போய் அக்காவைக் கொன்றவரின் கையில் ராக்கி கட்டினார். பிறகு அவர் விடுதலைக்காகக் குடும்பமே மனுக் கொடுத்தது. 2006இல் வெளியே வந்த அவர் யாரையும் கொல்லவில்லை. கேரளத்துக்குப் போய் அந்தத் தாயின் முன் நின்றார். தன் மகளைக் குத்திய கைகளை அந்தத் தாய் முத்தமிட்டார். 2017 நவம்பர் 4, இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்ட திருப்பலியில், கூட்டத்தில் அவரும் இருந்தார்.

செவ்வாய்க்கிழமைத் திருப்பலியில் அருளாளர் ராணி மரியாவை நினைவுகூரும்போது, 2023 டிசம்பரில் நம் ஊரில் இரண்டு நாள்களில் இறந்த அந்த மூன்று பேரையும், அவர்கள் வீட்டாரையும் திருப்பலிக் கருத்தில் சேர்த்துக்கொள்கிறோம்.